பட்டுவாடா எல்லையும் வரைபட மென்பொருளும்

ஓர் ஊரின் எல்லை யாதென வினவினால் வருவாய்த்துறை ஒன்று கூறும். அஞ்சல்துறை வேறொன்று கூறும். இரண்டும் பிழையல்ல; நோக்கம் வேறு. எவ்வலுவலகத்திலிருந்து புறப்பட்டால் ஒரு வீட்டை எளிதில் அடையலாம் என்பதே அஞ்சல்துறையின் கேள்வி.

1972 ஆகஸ்டு 15-இல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண் இதற்குச் சான்றாகும். இதனை வகுத்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வடமொழிப் புலவருமாவார் என்பது மொழி பயில்வோர்க்கு உவகை தரும் செய்தி. முதல் இலக்கம் மண்டலத்தையும், முதல் மூன்றும் சேர்ந்து அஞ்சல் பிரிப்பு மாவட்டத்தையும், இறுதி மூன்றும் பட்டுவாடா அலுவலகத்தையும் சுட்டும். புதுச்சேரி ஆட்சிக்குட்பட்ட மாஹே, கேரளத்தோடு 673 என்னும் தொடரிலும், ஏனாம், ஆந்திரத்தோடு 533 என்னும் தொடரிலும் அமைந்துள்ளன. ஆட்சி எல்லையினும் அஞ்சற்பை செல்லும் வழியே ஈண்டுப் பெரிதாயிற்று.

இன்று ஒரு மருந்தகமோ நூலகமோ பொருள்களை இல்லந்தோறும் சேர்க்க விழையின், கியூஜிஐஎஸ் போன்ற கட்டணமில்லா மென்பொருளிலேயே எல்லை வகுக்கலாம். வார்டு அல்லது அஞ்சல் எண் எல்லைகளை முதலில் அதனுள் ஏற்றுதல் வேண்டும். ஒவ்வோர் எல்லையும் அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளால் கோக்கப்பட்ட மூடிய பல்கோணமாகும். சிறியவற்றை இணைக்கலாம்; பெரியவற்றைப் பிளக்கலாம்.

ஒரு வீடு எல்லைக்குள் உளதா என்பதைக் கணிப்பொறி அறியும் முறை சுவையானது. அவ்வீட்டிலிருந்து ஏதேனும் ஒரு திசையில் நேர்க்கோடு ஒன்றை நீட்டுகிறது. அக்கோடு எல்லையை ஒற்றைப்படை முறை வெட்டினால் வீடு உள்ளே; இரட்டைப்படை முறை வெட்டினாலோ, வெட்டாதொழிந்தாலோ வெளியே. தாளில் வளைந்து நெளிந்த உருவொன்றை வரைந்து மாணவர்கள் இதனைச் சோதித்துப் பார்க்கலாம்.

ஆயினும், கடையை நடுவாக வைத்து வட்டம் வரைந்துவிட்டு அதுவே எல்லை என்பார் பலர். இஃது ஏற்புடைத்தன்று. திருச்சிராப்பள்ளியில் காவிரியின் தென்கரைக் கடைக்குத் திருவரங்கம் வட்டத்தினுள்ளேதான் விழும். ஆனால் வண்டி பாலம் வழியே சுற்றியன்றோ செல்ல வேண்டும்? 2022-இல் காவிரிப் பாலம் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டபோது அச்சுற்று மேலும் நீண்டது. வட்டமோ மாறவில்லை. ஆதலின் ஆறு, இருப்புப்பாதை, பாலம் ஆகியவற்றை வரைபடத்தில் மேலடுக்காக வைத்து, சாலைவழித் தொலைவைக் கொண்டே கோட்டைத் திருத்துதல் வேண்டும். இல்லையேல் மருந்து குறித்த நேரத்தில் வந்துவிடும் என நம்பியிருக்கும் அக்கரை நோயாளிக்கு அது வந்து சேராது.

இன்னுமொன்று. குறுகிய தெருவின் நடுவே எல்லைக்கோடு ஓடினால் எதிரெதிர் வீடுகள் இருவேறு பகுதிகளுக்குரியவையாகி, ஒரே தெருவுக்கு இருவர் வர நேரும். அங்கே கோட்டை வீடுகளின் பின்புறமாகத் தள்ளி வரைவதே தக்கது. நடுவே தடுப்புச்சுவருள்ள நெடுஞ்சாலையிலோ, சாலையின் நடுவே வரைவதே பொருந்தும்.