கொடி கொஞ்சம் தொங்கட்டும்!

நம்ம மந்தைவெளியில் எந்த மொட்டை மாடிக்குப் போனாலும் ஒரு துணிக்கொடி இருக்கும். "கயிறு கட்டறதுல என்ன பெரிய பாடம் இருக்கு?" என்று கேட்பீர்கள். இயற்பியலில் படிக்கிற விசைகளின் இணைகர விதி முழுக்க அந்தக் கயிற்றில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

முதலில் ஒரு சோதனை. ஒரு கயிற்றின் இரண்டு முனைகளையும் இரண்டு பேர் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு புத்தகப்பையை மாட்டுங்கள். இப்போது கயிறு நேர்க்கோடாக வரும் வரை இழுங்கள் பார்க்கலாம்! வகுப்பிலேயே பலசாலி யாரோ அவரைக் கூப்பிட்டாலும் முடியாது. பையின் எடை கீழ்நோக்கி இழுக்கிறது. அதைத் தாங்க மேல்நோக்கி ஒரு விசை வேண்டும். கயிறு கிடைமட்டமாக இருந்தால் மேல்நோக்கி விசை எங்கிருந்து வரும்?

வீட்டில் என்ன சொல்வாங்க? "கொடி தொய்யுது, நல்லா இழுத்துக் கட்டு." இங்கேதான் ஆபத்து. கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொடியின் நீளம் 6 மீட்டர். ஒரு புடவை ஐந்தரை மீட்டர் என்பதால் இந்த நீளம் சரியாக இருக்கும். நடுவில் ஈரப் போர்வையும் ஜீன்ஸுமாகச் சேர்த்து 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நடுப்பகுதி 30 செ.மீ. தொங்கினால் கயிற்றின் இழுவிசை சுமார் 50 கிலோ எடைக்குச் சமம். 10 செ.மீ. மட்டும் தொங்கினால் 150 கிலோ. 5 செ.மீ. என்றால் 300 கிலோ! (நியூட்டனில்தான் சொல்ல வேண்டும், புரியறதுக்காக கிலோ.) துணி அதே 10 கிலோதான். துணியைக் கொடி முழுக்கப் பரப்பிப் போட்டால் இந்த இழுவிசை ஏறக்குறைய பாதியாகும். அறிவியல் ஆசிரியரிடம் சுருள்வில் தராசு கேட்டு வாங்கி, சின்ன எடையை வைத்து நீங்களே சரிபார்க்கலாம்.

இந்த இழுப்பை யார் தாங்குவது? பெரும்பாலும் கைப்பிடிச்சுவர். பழைய வீடுகளில் அது வெறும் செங்கல் சுவர், அதுவும் மழையில் ஊறி ஊறிக் காரை உதிர்ந்தது. பக்கவாட்டில் இழுத்தால் செங்கல் பெயர்ந்து தெருவில் விழும். கீழே யார் நடந்து போறாங்கன்னு சுவருக்குத் தெரியுமா? எனவே கொக்கியை கான்கிரீட் தூணிலோ உத்தரத்திலோ ஆங்கர் போல்ட் வைத்து மாட்டச் சொல்லுங்கள். மேல்பூச்சில் அடித்த ஆணி ஒரு வாரம் தாங்கும், அவ்வளவுதான். தண்ணீர்க் குழாயில் கட்டவே கூடாது. கம்பம் நடுகிறேன் என்று மாடித் தளத்தில் துளை போட்டால் ஐப்பசியில் வீட்டுக்குள் மழை பெய்யும்.

அடுத்து, எந்தக் கயிறு? நமக்குப் பட்டினப்பாக்கம் கடற்கரை நடந்து போகிற தூரம். உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியும் சில காலத்தில் துருப்பிடித்து வெள்ளைச் சட்டையில் பழுப்புக் கோடு போடும். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி பார்க்க அழகு. ஆனால் உறையில் ஒரு வெடிப்பு வந்தால் உப்பும் ஈரமும் உள்ளே போய், வெளியே தெரியாமலே அரிக்கும். நைலான் துருப்பிடிக்காது, விலையும் குறைவு. வெயிலில் நாளாக ஆக இற்றுப்போகும், அப்போது மாற்றிவிட வேண்டியதுதான். என் ஓட்டு நைலானுக்கே. மும்பை மகாலட்சுமி தோபி காட்டில் இரண்டு கயிறுகளைச் சேர்த்து முறுக்கிக் கட்டி, துணியின் ஓரத்தை நடுவில் செருகிவிடுகிறார்கள். கிளிப்பே வேண்டாம். நம்ம மாடியிலும் செய்யலாம்.

கொடியை வடக்கு தெற்காகக் கட்டுவது நல்லது. கோடையில் பகலில் கிழக்கே இருந்து கடற்காற்று வரும். துணியின் முகத்தில் அது மோதினால் ஈரம் சீக்கிரம் போகும். காற்று ஓடும் திசையிலேயே கொடி இருந்தால் துணிகள் ஒரு மூலையில் போய் ஒண்டிக்கொள்ளும். புயல் எச்சரிக்கை வந்தால் கொடியையே கழற்றி வைத்துவிடுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மரங்களையே சாய்த்தது, கொடி எம்மாத்திரம்?

நைலானுக்கு ஓட்டுப் போட இன்னொரு காரணமும் உண்டு. இரும்புக் கம்பி மின்சாரத்தைக் கடத்தும். மழைக்காலத்தில் துணி காயப்போடும்போது மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் என்று செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! இங்கே மின்சாரம் பெரும்பாலும் தரைக்கு அடியில் கேபிளில் வருகிறது. ஆனால் மாடி விளக்குக்குப் போகிற ஒயர் இருக்கே? கம்பி அதில் உரசி உரசி உறை தேய்ந்தால் கொடி முழுக்க மின்சாரம்தான். லீவுக்குச் சொந்த ஊருக்குப் போகிறவர்கள், அங்கே கொடியின் ஒரு முனை மின்கம்பத்திலோ அதன் இழுகம்பியிலோ கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்களே அவிழ்க்காதீர்கள், பெரியவர்களிடம் சொல்லுங்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. யாராவது கொடியில் மாட்டிக்கொண்டால் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுக்காமல், முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள்.