கடுக்காய், தேன்மெழுகு, இரண்டு விரல்

நம்பிக்கை: ஆபரேஷன் என்றால் பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றியாக வேண்டும்.

கல்வராயன் மலையிலிருந்து ஒருவரை ஆபரேஷனுக்கு இறக்கினால் கூடவே நாலு வாலிபர்களும் வண்டியேறுவார்கள், ‘ரத்தம் கேப்பாங்க’ என்று. முன்பு சேலமோ முண்டியம்பாக்கமோ போக வேண்டியிருந்தது. 2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சிக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு தூரம் குறைந்தது, அந்த பயம் குறையவில்லை.

உண்மை: குடல்வால், குடலிறக்கம் போன்ற வழக்கமான அறுவைகளில் பெரும்பாலும் ஒரு யூனிட்கூட ஏறாது. ரத்தத்தைத் தயாராக வைக்கச் சொல்வது, வெள்ளிமலையிலிருந்து இறங்கும் வண்டியில் ஸ்டெப்னி டயர் இருப்பது மாதிரி. பெரியவர் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் 350 மில்லி தானம் கொடுத்தவர் டீ குடித்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போகிறார். தியேட்டரில் எவ்வளவு போயிற்று என்பதற்கும் கணக்கு உண்டு: நனைந்த பஞ்சுத்துணியை எடை போடுவார்கள், ஒரு கிராம் கூடினால் ஏறக்குறைய ஒரு மில்லி.

சர்ஜனின் முதல் ஆயுதம் விரல்தான். சிறு ரத்தக்குழாய் அறுபட்டால் தானே சுருங்கும். தட்டணுக்கள் வந்து ஒட்டும். அதன்மேல் நார் வலை படரும். இதற்குச் சில நிமிடம் பிடிக்கும். அதுவரை துணியை வைத்து அழுத்திக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். ‘நின்னுடுச்சா?’ என்று அடிக்கடி எடுத்துப் பார்த்தால் ஒட்டியதும் பிய்ந்துவிடும். வீட்டில் விரலை வெட்டிக்கொண்டவர்கள் செய்யும் தவறும் இதேதான். கல்லீரல் கிழிந்து ரத்தம் கொட்டினால், அதற்குள் போகும் குழாய்களை இரண்டு விரலுக்கிடையே நெரித்துப் பிடிக்கலாம் என்று கிளாஸ்கோ சர்ஜன் பிரிங்கிள் 1908-இல் எழுதினார். இன்றும் அந்தப் பிடிக்கு அவர் பெயர்தான். பெரிய குழாயென்றால் ஃபோர்செப்ஸால் கவ்வி, நூலால் முடிச்சு.

நம்பிக்கை: கரண்ட் வைத்துச் சுடுகிறார்கள், ஷாக் அடிக்கும்.

உண்மை: சுடுவது நிஜம், ஷாக் இல்லை. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய்வரும். சுடுகிற டயதெர்மி கருவியில் அது மூன்று லட்சத்துக்கும் மேல். அந்த வேகத்துக்கு நரம்பும் தசையும் அசைந்துகொடுப்பதில்லை. முனை படும் இடம் மட்டும் சூடேறி ரத்தம் உறையும். தொடையில் ஒட்டுகிற அகலமான தகடு வழியாக மின்சாரம் பரவித் திரும்பிவிடும். இக்கருவியைச் செய்த போவி என்பவர் தாவரவியல் படித்தவர் என்பது எனக்குப் பிடித்த செய்தி. 1926 அக்டோபர் 1 அன்று பாஸ்டனில் ஹார்வி குஷிங், ரத்தப்போக்கால் பாதியில் நிறுத்திய ஒரு தலைக் கட்டி ஆபரேஷனை இதை வைத்து முடித்தார்.

எலும்பில் கசியும் ரத்தத்தை நூலால் கட்ட முடியாது. அதற்குத் தேன்மெழுகு. லண்டன் சர்ஜன் விக்டர் ஹார்ஸ்லி 1892-இல் தேன்மெழுகோடு பாதாம் எண்ணெயும் சாலிசிலிக் அமிலமும் சேர்த்து, எலும்பின் பொடித்துளைகளில் அப்பினார். மலையில் தேன் எடுப்பவர் பிழிந்து வைக்கிற அதே பொருள்தான், சுத்தப்படுத்தி எலும்பு மெழுகாக இன்றும் தியேட்டருக்குள் வருகிறது.

நம்பிக்கை: வெட்டுக்காயத்தில் கடுக்காய்ப்பொடி, காப்பித்தூள், சுண்ணாம்பு எதையாவது அப்பினால் போதும்.

உண்மை: கடுக்காய் விஷயத்தில் பாதி சரி. இந்த மலையில் பொறுக்கிய கடுக்காயைக் கடித்தால் நாக்கைச் சுருட்டும் துவர்ப்பு, தோல்கீறலில் கசியும் ரத்தத்தையும் சுருக்கும். சுஸ்ருதரும் ரத்தம் நிறுத்த நாலு வழி சொல்கிறார்: துவர்ப்பு, குளிர்ச்சி, சாம்பல், இவற்றுக்கு அடங்காவிட்டால் கடைசியாகச் சூடு. ஆனால் கரும்பு வெட்டும்போது கொடுவாள் பட்டு ரத்தம் துடித்துத் துடித்துப் பீய்ச்சினால் அது தமனி. அதற்குத் துவர்ப்பு எடுபடாது. சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பிடித்தபடியே 108-ஐக் கூப்பிட வேண்டும். பொடியோடு வந்த காயத்தை டாக்டர் முதலில் சுரண்டிக் கழுவ வேண்டியிருக்கும். மண் கலந்த பொடியென்றால் டெட்டனஸ் கிருமியும் கூட வரலாம்.

பிரசவம் தனிக் கணக்கு. அங்கே ரத்தத்தை நிறுத்துவது கர்ப்பப்பையின் தசைதான். அது இறுகினால்தான் குழாய்கள் நெரிபடும். அதற்காகவே குழந்தை பிறந்ததும் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி. போக்கு அதிகமானால் டிரானெக்ஸாமிக் அமிலம் போடுவார்கள். அது புதிதாக ரத்தத்தை உறைய வைப்பதில்லை, உறைந்தது கரையாமல் காக்கும். 20,060 பெண்களிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், பிரசவமான 3 மணி நேரத்துக்குள் போட்டபோதே பலன் தெரிந்தது. மலையிலிருந்து இறங்கும் நேரமும் அந்த 3 மணிக்குள்தான் அடக்கம்.

நம்பிக்கை: அமாவாசையில் ஆபரேஷன் செய்தால் ரத்தம் அதிகம் போகும்.

உண்மை: நிலவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தொடர்புள்ளது சட்டைப்பையில் இருக்கிறது: இதயத்துக்கென்று தினமும் போடும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல். ஒரு மாத்திரைக்கே தட்டணுக்கள் ஒட்டும் திறன் பல நாள் குறையும். நீங்களாக நிறுத்தாதீர்கள், ஸ்டென்ட் வைத்தவருக்கு அது உயிராபத்து. நாட்டு மருந்து சாப்பிட்டிருந்தாலும் டாக்டர் திட்டுவார் என்று மறைக்க வேண்டாம். மாத்திரை அட்டையையும் மருந்துப் பொட்டலத்தையும் அப்படியே எடுத்துப்போய் மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள்.