வேறு கம்பெனியின் பாஷை பேசும் பில் பிரிண்டர்

சென்ற தீபாவளி நெருக்கத்தில் எங்கள் மளிகை மண்டியின் பில் பிரிண்டர் பழுதாகிவிட்டது. அவசரத்திற்கு வேறொன்று வாங்கினோம். "அப்படியே எப்சன் மாதிரி வேலை செய்யும்" என்றார் விற்றவர்.

ஒரு கிராமத்துக் கடைக்காரரின் மகன் கடன் பில்லைத் தீர்க்க வந்து 850 ரூபாயை எண்ணி வைத்தான். நாங்கள் 4,850 கேட்டோம். "பில்லுல இவ்வளவுதாங்க போட்டிருக்கு" என்று நீட்டினான். மொத்தம் என்ற வரியின் கடைசியில் '4,' மட்டும் நிற்கிறது. அடுத்த வரியின் இடது ஓரத்தில் '850.00'! அவன் அப்பாவுக்கும் எங்களுக்கும் இருபது வருஷப் பழக்கம். அன்று அது ஆட்டம் கண்டது. அன்றைய கடன் பில்களையெல்லாம் கம்ப்யூட்டரோடு ஒத்துப் பார்க்க இரவு பதினோரு மணி ஆயிற்று.

காரணம் இதுதான். எங்கள் சாப்ட்வேர் வரிக்கு 48 எழுத்து என்று எழுதப்பட்டது. புது பிரிண்டரோ 42-ல் வைக்கப்பட்டிருந்தது. 80 மி.மீ. பேப்பரில் எப்சன் டி.எம்.-டி88 வகையில் குறுக்கே 512 புள்ளிகள். ஓர் எழுத்துக்கு 12 புள்ளி. ஆக 42 எழுத்து. வேறு பல பிரிண்டர்களில் 576 புள்ளி, 48 எழுத்து. மிஞ்சிய ஆறு எழுத்தும் கீழே இறங்கிவிட்டன.

நம் விருத்தாசலம் செராமிக் தொழிலாளிகளுக்கு இது புதிதல்ல. சுட்ட ஜாடியை வைத்து அச்சு எடுத்து மறுபடி வார்த்தால் உருவம் அதேதான்; மண் சுருங்குவதால் பழைய மூடி மட்டும் பொருந்தாது.

கம்ப்யூட்டர் பிரிண்டருக்கு எண்களாகக் கட்டளை அனுப்புகிறது. எப்சன் வகுத்த கட்டளைகளையே மற்றக் கம்பெனிகளும் பின்பற்றுகின்றன. ஆனால் முழுவதையும் அல்ல. 27, 100 என்று அனுப்பினால் எப்சன் பாஷையில் பேப்பரைச் சில வரிகள் நகர்த்து என்று பொருள். ஸ்டார் கம்பெனியின் சொந்த பாஷையில் அதுவே பேப்பரை வெட்டு என்பதாகும்! அந்தப் பிரிண்டரை எப்சன் முறைக்கு மாற்றி வைக்காவிட்டால் பில் நடுவிலேயே துண்டாகும்.

தமிழ் இன்னும் சிரமம். எப்சன் பட்டியலில் 68-ஆம் எண் தமிழ் எழுத்துத் தொகுதி. எப்சனிலேயே எல்லா மாடலிலும் அது கிடையாது. மற்றதில் அதே எண்ணுக்கு என்ன வருமோ! ஆகவே பலரும் தமிழைப் படமாகவே அனுப்புகிறார்கள். அச்சு சற்று மெதுவாகும். 2010-ல் வந்த ரூபாய்க் குறியும் பழைய எழுத்துத் தொகுதிகளில் இல்லை. 'ரூ' என்று போட்டுக்கொள்வதில் நமக்கென்ன குறைச்சல்?

கவனிக்காமல் விடுவது பேப்பர் விஷயம். பேப்பர் இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் கேட்கும் கட்டளைக்குச் சில நகல் பிரிண்டர்கள் பதிலே தராது. சில எப்போதும் 'இருக்கிறது' என்றே சொல்லும். பில் அச்சானதாகக் கணக்கில் ஏறும். வாடிக்கையாளர் கையில் ஒன்றும் இராது.

வாங்குமுன் பேப்பர் நகர்த்தும் பட்டனை அழுத்தியபடியே சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். பெரும்பாலான பிரிண்டர்கள் தம் அமைப்புகளைத் தாமே அச்சிட்டுக் காட்டும். வரிக்கு எத்தனை எழுத்து, எந்தக் கம்பெனி முறை என்பது அதில் தெரியும். பிறகு உங்கள் சாப்ட்வேரிலிருந்தே, லட்ச ரூபாய்க்கு மேல் தொகை வரும் நீளமான பில் ஒன்றை அடித்துப் பாருங்கள். கல்லாப்பெட்டி திறக்கிறதா, பேப்பர் கடைசி வரிக்குப் பிறகுதான் வெட்டுப்படுகிறதா என்றும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். எங்கள் பிரிண்டரை 48-க்கு மாற்ற மெக்கானிக்குக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.