கணிப்பொறியின் துபாஷி

"துபாஷி" என்ற சொல் புதுவையில் பிறந்து வளர்ந்த நமக்குப் புதிதன்று. இரு மொழி அறிந்து, இரு தரப்பாருக்கும் நடுவே நின்று பேசியவர் துபாஷி. கவர்னர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பைப் பற்றி நாம் அறிவோம். கணிப்பொறிக்குள்ளும் அப்படி ஒரு துபாஷி உண்டு. அதன் பெயர் டிரைவர்.

திரையில் நாம் காணும் படத்தை உருவாக்கித் தருவது கிராபிக்ஸ் கார்டு. ஆனால் விண்டோஸ் பேசும் மொழி வேறு, ஒவ்வொரு கார்டும் அறிந்த மொழி வேறு. ஒன்று சொல்வதை மற்றொன்றுக்கு விளக்கும் மென்பொருளே டிரைவர். அதன் அதிகாரம் சிறிதன்று. 2010ஆம் ஆண்டு மார்ச்சில் என்விடியா நிறுவனம் வெளியிட்ட 196.75 என்ற டிரைவர் விசிறியைச் சரிவர இயக்காமல் கார்டுகளைச் சூடேற்றியதாகப் புகார்கள் எழ, அந்நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிடப் பட்டுத் தெரிந்துகொண்டதே அதிகம். என் அக்கா கட்டடக்கலை பயில்கிறாள். சென்ற ஆண்டு அவளுடைய வரைபடங்கள் எங்கள் வீட்டுக் கணிப்பொறியில் அசையவே மறுத்தன. அதிலிருந்தது ஜிடி 710 என்ற பழைய கார்டு. அப்பா சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஜிடிஎக்ஸ் 1650 வாங்கினார். கடைக்காரரே மாட்டியும் கொடுத்தார். வீட்டுக்கு வந்து இயக்கினால், விண்டோஸ் சின்னம் தோன்றியது. பிறகு திரை கறுத்துவிட்டது! மறுநாள் கடையில் கேட்டதற்கு, "கார்டே போச்சு சார், வேற வாங்கிடுங்க" என்று பதில் வந்தது. அக்கா வரைபடம் ஒப்படைக்க நான்கே நாட்கள் இருந்தன. அப்பா ஒன்றும் பேசவில்லை.

எனக்கு மட்டும் ஓர் ஐயம். கார்டு செத்துவிட்டது என்றால், அந்தச் சின்னத்தைத் திரையில் காட்டியது யார்?

தோழியரே, இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. விண்டோஸ் முழுமையாக எழும் வரையில் எல்லாக் கார்டுக்கும் பொதுவான எளிய முறையிலேயே படம் வருகிறது. அதன் பிறகுதான் கார்டின் சொந்த டிரைவர் பொறுப்பேற்கிறது. அதுவரை நன்றாக இருந்து, அதன் பிறகு திரை கறுத்தால், முதலில் ஐயுறவேண்டியது டிரைவரைத்தான். இதைச் சோதிக்க "சேஃப் மோட்" என்ற வழி உண்டு. விண்டோஸ் எழும்போதே மூன்று முறை நிறுத்தி நிறுத்தி இயக்கினால், பழுது பார்க்கும் பட்டியல் தானே வரும். அதிலிருந்து சேஃப் மோடுக்குப் போகலாம். போனேன். எழுத்துகள் பூதம்போலப் பெரிதாகத் தெரிந்தன, ஆனால் படம் தெளிவாக வந்தது. பிறகு டிவைஸ் மேனேஜரில், மறைந்துள்ள கருவிகளையும் காட்டும்படி கேட்டேன். கழற்றி மேசைமேல் வைத்திருந்த 710 அங்கே மங்கலாக வீற்றிருந்தது! துரை ஊருக்குப் போயும் துபாஷி வாசலைவிட்டு நகரவில்லை. அவரை அனுப்பாமலே, அவர்மேல் புதியவரை ஏற்றியிருக்கிறார்கள்.

எங்கள் கணிப்பொறி ஆசிரியையிடம் அனுமதி பெற்று, கார்டு தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து புது டிரைவரைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவியையும் எடுத்துக்கொண்டேன். பழைய டிரைவரை வேரோடு களைவது இதன் வேலை. இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டு, சேஃப் மோடில் அதை இயக்கினேன். வயரைப் பிடுங்காவிட்டால் விண்டோஸ் தன் விருப்பத்துக்கு வேறொரு டிரைவரைக் கொண்டுவந்து ஏற்றிவிடும். பின் புது டிரைவரை நிறுவினேன். அன்றிரவே அக்காவின் கட்டடம் திரையில் சுற்றிச் சுழன்றது. அம்மா மட்டும், "படுத்துத் தூங்குங்கடி" என்றார்.

உண்மையில் இந்த வேலை தலைகீழாக நடந்திருக்கவேண்டும். புது டிரைவரை எடுத்து வைத்துக்கொண்டு, பழைய கார்டு இருக்கும்போதே பழைய டிரைவரை நீக்கி, அதன் பிறகே பெட்டியைத் திறக்கவேண்டும். ஒரே நிறுவனத்தின் கார்டுகள் என்றால் பல வேளைகளில் மேலேயே நிறுவினாலும் ஓடிவிடும். நிறுவனம் மாறினால் நீக்கிவிடுவதே நல்லது.

பெட்டியைத் திறக்குமுன் பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்தி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். நம் உடலிலுள்ள நிலைமின்சாரம் நமக்கே தெரியாமல் சில்லுகளைக் கெடுக்கக்கூடும். கார்டைப் பிடித்திருக்கும் திருகைக் கழற்றியதும் இழுக்காதீர்கள். ஸ்லாட்டின் முனையில் ஒரு சிறு கொக்கி இருக்கும், அதை விடுவிக்கவேண்டும். ஸ்லாட் தரக்கூடிய மின்சாரம் 75 வாட். அதற்குமேல் கேட்கும் கார்டுக்குத் தனி வயர் தேவை. நம் ஊரின் உப்புக் காற்றில் தொடுமுனைகள் மங்கும். அதற்கு ரப்பரால் தேய்ப்பது இங்கே பலருடைய வழக்கம். தங்கப் பூச்சு தேயும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணி போதும். கடைசியாக, மானிட்டர் வயரைப் புதுக் கார்டில் செருகுங்கள். பழக்கத்தில் மதர்போர்டில் செருகிவிட்டு அழுதவர்கள் உண்டு!

பழைய கார்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 710 உள்ளிட்ட கெப்ளர் இனக் கார்டுகளுக்குப் புது டிரைவர் வெளியிடுவதை என்விடியா 2021இல் நிறுத்தியது. 2024 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வந்தன.

சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் போன்ற லினக்ஸ் வகைகளில் என்விடியா கார்டுக்கு "நூவோ" என்ற கட்டற்ற டிரைவர் இருக்கிறது. பிரெஞ்சு வகுப்புத் தோழியர் பொருளைச் சொல்லிவிடுவார்கள்: "புதியது." நிறுவனத்தின் சொந்த டிரைவரை ஏற்றுவதாயிருந்தால் நூவோவை முதலில் விலக்கவேண்டும். ஒரு கார்டை ஒரே நேரத்தில் இருவர் ஆள முடியாது.

எங்கள் 710 இப்போது நிலைமின்சாரம் தாக்காத உறையில், அலமாரியில் இருக்கிறது. அதற்குரிய கடைசி டிரைவரைப் பென் டிரைவில் ஏற்றி அதே உறையோடு கட்டிவைத்திருக்கிறேன். புதியது என்றேனும் படுத்துவிட்டால் இரண்டும் வேண்டியிருக்கும்.