வீட்டுக்குள் பெரிய திரை

புரொஜெக்டர் வாங்கக் கடைக்குப் போகுமுன் அறையை அளந்துகொள்ளுங்கள். 100 அங்குலத் திரைக்கு ஏறக்குறைய 221 சென்ரிமீற்றர் அகலம் வேண்டும். புரொஜெக்டரின் ‘த்ரோ ரேஷியோ’ 1.5 என்றால் அந்த அகலத்தை 1.5ஆல் பெருக்குங்கள். திரையிலிருந்து 3.3 மீற்றர் தள்ளி வைக்க இடமிருக்கிறதா? இல்லையென்றால் 80 அங்குலமே நல்லது.

பெட்டியில் பெரிதாக அச்சிட்ட லூமென் (வெளிச்ச அளவு) கணக்கை நம்பவேண்டாம். ‘அன்சி லூமென்’ எவ்வளவு என்று கேளுங்கள். இருட்டறையில் 1000 போதும். பகலில் ஜன்னல் திறந்து பார்ப்பதற்கு குறைந்தது 3000 தேவை. ‘4கே சப்போர்ட்’ என்றிருந்தாலும் உண்மையான (‘நேட்டிவ்’) படவளவு 1920×1080 தானா என்று பாருங்கள்.

நிலாவெளி போன்ற கடலோர ஊர்களில் இருப்போர் உப்புக்காற்றைத்தான் முதலில் நினைக்கவேண்டும். புரொஜெக்டரின் விசிறி அந்தக் காற்றை உள்ளே இழுக்கும். ஈரமும் உப்பும் சேர்ந்து மின்சுற்றுப் பலகையை அரிக்கும். விறாந்தையில் நிரந்தரமாகப் பொருத்தாதீர்கள். பார்த்து முடிந்து சூடு ஆறியதும் சிலிக்கா ஜெல் பைகளுடன் மூடிய பெட்டியில் வையுங்கள். மாரி மாதங்களில் இதைத் தவறவிடவே கூடாது.

திரைக்கு மினுக்கமில்லாத வெள்ளை போதும். சமமான சுவரென்றால் அதே வகை வெள்ளை எமல்ஷன் அடித்தாலே படம் நன்றாக விழும். சுருட்டும் திரையை ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சணம் பிடித்துவிடும்.