ஆஸ்பத்திரியில் இருப்பவருக்குப் பேதி கண்டால்

நோயாளிக்குத் துணையிருப்பவர்களே! பேதியோடு ஆஸ்பத்திரிக்கு வருவது ஒன்று. வேறு நோய்க்காகப் படுத்தவருக்கு அங்கே பேதி தொடங்குவது வேறொன்று. இரண்டுக்கும் மலப் பரிசோதனை ஒரே மாதிரி அல்ல.

பேதியோடு வந்தவர் மலத்தில் காலரா, சீதபேதிக் கிருமிகளைத் தேடுவார்கள். கிருமியை வளர்த்துப் பார்த்துச் சொல்ல இரண்டு மூன்று நாளாகும். அதுவரை உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுப்பதை நிறுத்தக் கூடாது.

சேர்ந்து மூன்று நாள் கழித்துத் தொடங்கும் பேதியில் அந்தக் கிருமிகள் பெரும்பாலும் அகப்படுவதில்லை. குழாய்வழி உணவு, மலமிளக்கி மருந்து காரணமாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் மருந்து குடலிலுள்ள நல்ல கிருமிகளை அழித்துவிட, ‘டிபிசில்’ என்னும் கிருமி பெருகி நஞ்சு கக்குவதும் உண்டு. இது 1978-இல்தான் தெரியவந்தது. முற்றினால் உயிருக்கே ஆபத்து. இதற்குத் தனிச் சோதனை வேண்டும். அதைச் செய்ய டாக்டருக்குத் தோன்ற வேண்டுமானால், சாப்பிட்ட மருந்து முழுவதும் அவருக்குத் தெரிய வேண்டும். “கடையில வாங்கின மாத்திரைதானே, அதை எதுக்குச் சொல்லணும்” என்று இருந்துவிடாதீர்கள். போன மாதம் விழுங்கியதும் கணக்கில் சேரும். பேதியைக் கட்டும் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்கவே வேண்டாம்.

இச்சோதனைக்குக் கட்டியான மலம் உதவாது. நீராகப் போவதையே, சிறுநீர் கலக்காமல், சுத்தமான டப்பாவில் பிடித்து உடனே கொடுங்கள். சிலர் வெட்கப்பட்டு அதைக் கட்டிலுக்கடியில் வைத்துவிடுகிறார்கள்! சீதபேதிக்குக் காரணமான அமீபாவை உயிரோடு பார்க்க அரைமணிக்குள் மலம் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

குணமான பின், “இன்னொரு தரம் பாருங்க” என்று கேட்க வேண்டியதில்லை. பேதி நின்ற பிறகும் டிபிசில் சில வாரம் மலத்தில் தென்படும். ஸ்பிரிட் கலந்த கைத்திரவத்துக்கும் அது சாகாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள்.