படத்தைப் பெரிதாக்கும் முன்

கும்பளங்கிக் காயலோரச் சீனவலையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள். வலைக்கண்கள் குழம்பி, கயிற்றோரத்தில் கொசு மொய்த்தாற்போல் புள்ளிகள் தெரியும். காரணம், ஜேபெக் என்னும் சுருக்குமுறை. 1992-இல் தரப்படுத்தப்பட்ட இம்முறை படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, நுண்ணிய விவரங்களைக் கழித்துவிடுகிறது. அப்படியே பெரிதாக்கினால் வலையோடு பிசிறும் பெரிதாகும். (நீலப்பிரதியைப் பெரிதாக்கியவர்கள் அறிவார்கள், கறையும் கூடவே வளரும்!) ஆகவே முதலில் பிசிறை நீக்கவேண்டும், பெரிதாக்குவது பிறகு, கூர்மையாக்குவது கடைசியில், அதுவும் சிறிதளவே.

நமது மலரில் நினைவஞ்சலிக்கென அன்பர்கள் தரும் படங்களில்தான் எனக்குக் கவலை. செயற்கை நுண்ணறிவு மென்பொருள் மங்கிய முகத்தில் இமையையும் சுருக்கத்தையும் தானே ஊகித்து வரைகிறது. பார்க்க அழகுதான், ஆனால் அது உங்கள் பாட்டியின் கண் அல்ல. வலையில் ஒரு கண் கூடினால் நஷ்டமில்லை, முகம் அப்படியா?

மூலப்படம் பெட்டியில் இருந்தால் அதையே அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்யுங்கள். அச்சுக்கு 300 போதும் என்பதால், நீளஅகலம் இருமடங்காக அச்சிடலாம். டிஃப் கோப்பாகச் சேமித்து, வாட்ஸ்அப்பில் போட்டோவாக அன்றி டாக்குமெண்டாக அனுப்புங்கள். குறையாமல் வந்து சேரும்.